விண்டோஸ் ரிலையபிலிட்டி மானிட்டர்: பயனர் சொல்லாமல் விடுவதைக் காட்டும் இலவசக் கருவி

கணினியில் ஏற்பட்ட பழுதைச் சரிசெய்வதைவிட, அது எப்போது தொடங்கியது, அதற்கு முன் என்ன நடந்தது என்று பயனரிடமிருந்து தெரிந்துகொள்வதற்குத்தான் ஐடி சப்போர்ட் பணியில் இருப்பவர்களின் நேரம் அதிகம் செலவாகிறது. "நான் ஒண்ணுமே பண்ணலீங்க சார், தானா இப்படி ஆயிடுச்சு" என்ற பதிலைக் கேட்காத ஹெல்ப்டெஸ்க் எங்கும் இருக்க முடியாது. திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி அலுவலகம் ஒன்றின் கணினிகளைப் பராமரிக்கும் பொறுப்பில் இருக்கிறேன். அந்தப் பதிலுக்குப் பிறகு எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் நிற்கும் நிலையிலிருந்து எங்கள் குழுவை மீட்ட கருவியைப் பற்றி விரிவாக எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். அதைக் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. விண்டோஸ் கணினிகளில் ஏற்கெனவே இருக்கிறது. இருந்தும், பல ஆண்டுகள் அனுபவமுள்ள சப்போர்ட் பொறியாளர்கள்கூட அதைத் திறந்து பார்த்ததில்லை என்பது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது.

ரிலையபிலிட்டி மானிட்டர் என்ற இந்தக் கருவி 2007-இல் வெளிவந்த விண்டோஸ் விஸ்டாவோடு அறிமுகமானது. விண்டோஸ் 7-இல் ஆக்‌ஷன் சென்டருக்குள் இடம் மாறியது. விண்டோஸ் 10, 11 ஆகிய பதிப்புகளில் கண்ட்ரோல் பேனலின் செக்யூரிட்டி அண்ட் மெயின்டனன்ஸ் பகுதிக்குள், வியூ ரிலையபிலிட்டி ஹிஸ்டரி என்ற சிறிய இணைப்பாக ஒதுங்கியிருக்கிறது. அவ்வளவு தூரம் உள்ளே போகவும் வேண்டாம். ஸ்டார்ட் மெனுவில் ரிலையபிலிட்டி என்று ஆங்கிலத்தில் தட்டினால் போதும், மேலே வந்து நிற்கும்.

திறந்ததும் தேதிவாரியான கட்டங்களின் மீது ஒரு கோடு ஓடும். அந்தக் கோட்டுக்குக் கீழே ஐந்து வரிசைகள் உண்டு: செயலிகள் முடங்கியவை, விண்டோஸே முடங்கியவை, பிற கோளாறுகள், எச்சரிக்கைகள், தகவல்கள். முடக்கம் என்றால் சிவப்பு வட்டத்தில் பெருக்கல் குறி, எச்சரிக்கை என்றால் மஞ்சள் முக்கோணம், மென்பொருள் நிறுவுதல், நீக்குதல், அப்டேட் போன்றவற்றுக்கு நீல வட்டம். ஏதாவது ஒரு தேதியைச் சொடுக்கினால் அன்றைய நிகழ்வுகள் நேரத்தோடு கீழே விரியும். ஒவ்வொன்றின் எதிரிலும் தொழில்நுட்ப விவரங்களைத் திறக்கும் இணைப்பு இருக்கும். ஏறத்தாழ ஓராண்டு வரையிலான வரலாற்றை இது வைத்திருக்கும் என்பதால், "எப்பவுமே இப்படித்தாங்க இருக்கு" என்று சொல்லப்படும் கணினியில் கோளாறு உண்மையில் எந்த வாரம் தொடங்கியது என்பதை ஒரு நிமிடத்தில் கண்டுவிடலாம்.

விண்டோஸின் நிகழ்வுப் பதிவுகளையெல்லாம் காட்டும் ஈவென்ட் வியூவரிலும் இதே தகவல்கள் இருக்கின்றனவே என்று அனுபவமுள்ளவர்கள் கேட்கக்கூடும். இருக்கின்றன, ஆனால் அங்கே ஆயிரக்கணக்கான வரிகளுக்கு நடுவில் சிதறிக் கிடக்கின்றன. மேலும், ஒரு மென்பொருள் நிறுவப்பட்டதும் மற்றொரு மென்பொருள் முடங்கத் தொடங்கியதும் ஒரே தேதிக் கட்டத்துக்குள் மேலும் கீழுமாகத் தெரியும் வசதி அங்கே இல்லை. இந்தக் கருவியின் மதிப்பு முழுவதும் அந்த ஒரு வசதியில்தான் இருக்கிறது. ஒரு நிகழ்வை எடுத்துக்காட்டினால் இது தெளிவாகும்.

எங்கள் மெர்ச்சண்டைசிங் பிரிவில் பணிபுரியும் இளைஞர் ஒருவரின் கணினியில் விரிதாள் மென்பொருள், கோப்பைத் திறந்த சில நொடிகளில் மூடிக்கொண்டே இருந்தது. சில நாள்கள் தாமாகவே சமாளித்துப் பார்த்துவிட்டு, ஷிப்மென்ட் ஆவணங்கள் அனுப்ப வேண்டிய நாளில்தான் டிக்கெட் (எங்களிடம் உதவி கோரும் பதிவு) போட்டார். புதிதாக ஏதாவது இன்ஸ்டால் செய்தீர்களா என்று கேட்டதற்கு, "இல்லீங்க சார், சத்தியமா எதுவும் பண்ணல" என்றார். நிறுவப்பட்ட மென்பொருள்களின் பட்டியலிலும் புதிதாக எதுவும் இல்லை. இந்த நிலையில் வழக்கமாக எல்லாரும் செய்வது ஒன்றுதான்: ஆபீஸ் தொகுப்பை ரிப்பேர் செய்வது, அது பலிக்காவிட்டால் முழுவதுமாக நீக்கிவிட்டு மறுபடியும் நிறுவுவது, அதுவும் பலிக்காவிட்டால் பயனரின் புரொஃபைலைப் புதிதாக உருவாக்குவது. அரை நாள் போய்விடும். கோளாறு போயிருக்கும் என்ற உறுதியும் இல்லை.

ரிலையபிலிட்டி மானிட்டரில் முந்தைய வாரத்தின் ஒரு கட்டத்தில் இரண்டு நீல வட்டங்கள் இருந்தன. காலையில் பிடிஎஃப் கோப்புகளை விரிதாளாக மாற்றித்தரும் ஓர் இலவச மென்பொருள் வெற்றிகரமாக நிறுவப்பட்டிருந்தது. மாலையில் அதே மென்பொருள் நீக்கப்பட்டிருந்தது. சிவப்புக் குறிகள் அந்தக் கட்டத்திலிருந்துதான் தொடங்கின. அவற்றில் ஒன்றின் தொழில்நுட்ப விவரங்களைத் திறந்தால், முடக்கத்துக்குக் காரணமான கோப்பு எது என்ற வரி இருக்கும்; அது எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்பது ஈவென்ட் வியூவரில் அதே நேரத்துக்கான பதிவில் இருக்கும். அந்த ஃபோல்டரின் பெயர் நீக்கப்பட்ட மென்பொருளின் பெயராகவே இருந்தது. மென்பொருள் போய்விட்டது, ஆனால் விரிதாளுக்குள் அது செருகியிருந்த ஆட்-இன் என்ற துணை நிரல் போகவில்லை. அந்த ஆட்-இன்னை முடக்கியவுடன் கோப்புகள் வழக்கம்போலத் திறந்தன.

அதன் பிறகு திரையை அவர் பக்கம் திருப்பி, அந்த இரண்டு நீல வட்டங்களையும் காட்டி, "அன்னைக்கு என்ன வேலை இருந்தது?" என்று மட்டும் கேட்டேன். வெளிநாட்டு பையர் அளவு விளக்கப்படத்தைப் பிடிஎஃப்பாக அனுப்பிவிட்டு, அன்று மாலைக்குள் விரிதாளில் திருப்பி அனுப்பச் சொல்லியிருக்கிறார். கையால் தட்டினால் இரவாகிவிடும். மென்பொருள் நிறுவக்கூடாது என்பது அலுவலக விதி. ஆனால் பழைய லேபிள் பிரின்டர் ஒன்றுக்காக அந்தக் கணினிக்கு மட்டும் அட்மின் உரிமை கொடுக்கப்பட்டிருந்தது. வேலை முடிந்ததும் பயந்துபோய் நீக்கியிருக்கிறார். அவருடைய தேவை நூற்றுக்கு நூறு நியாயமானது. அதை எங்களிடம் கேட்டால் அனுமதி கிடைக்க நாள்கணக்காகும் என்ற அவருடைய கணிப்பும் அன்றைய நிலையில் சரியானதே. இப்போது பரிசோதித்து அனுமதிக்கப்பட்ட மாற்றி ஒன்று அந்தப் பிரிவின் எல்லாக் கணினிகளிலும் இருக்கிறது.

இந்தக் கருவியைப் பரிந்துரைக்கும்போதே ஓர் எச்சரிக்கையையும் வலியுறுத்திச் சொல்ல வேண்டும். இது காட்டுவது என்ன நடந்தது, எப்போது நடந்தது என்பவற்றை மட்டுமே. யார் செய்தது, ஏன் செய்தது என்பவற்றைத் திரை சொல்லாது. இந்த வேறுபாட்டை மறந்தால் அப்பாவி ஒருவர் மீது பழி விழும். அதற்கு மிகப் பொருத்தமான எடுத்துக்காட்டு, பிற கோளாறுகள் வரிசையில் அடிக்கடி தென்படும் ஒரு வாசகம்: விண்டோஸ் முறையாக ஷட்டவுன் செய்யப்படவில்லை என்பது. விவரத்தைத் திறந்தால், முந்தைய ஷட்டவுன் இன்ன நேரத்தில் எதிர்பாராத வகையில் நிகழ்ந்தது என்று இருக்கும். பயனர் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தாலும் இதே வாசகம்தான். மின்சாரம் போய், யூபிஎஸ் பேட்டரியும் கைவிட்டு, கணினி தானாக அணைந்தாலும் இதே வாசகம்தான். பேட்டரி காலாவதியான யூபிஎஸ்கள் நிறைந்த நம் ஊர் அலுவலகங்களில், இந்த ஒரு வரியை மட்டும் வைத்துக்கொண்டு பயனரைக் குற்றஞ்சாட்டுவது பெரிய அநீதி.

எங்கள் கணக்குப் பிரிவில் ஒரு கணினியில் இந்த வாசகம் ஏறக்குறைய எல்லா வேலை நாள்களிலும் இருந்தது. பகிரப்பட்ட ஃபோல்டரில் இருந்த கணக்கு மென்பொருளின் டேட்டா அடிக்கடி சிதைந்து, ஒவ்வொரு முறையும் ரிப்பேர் செய்ய வேண்டியிருந்ததால்தான் அந்தக் கணினியைப் பார்க்கப் போனோம். அங்கே அமர்ந்திருந்த அம்மையார் பல ஆண்டுகளாகப் பணியில் இருப்பவர், வேலையில் குறை சொல்ல முடியாதவர். "மெஷின் தானா ஆஃப் ஆயிடுதுங்க" என்பதே அவர் சொன்னது. கணினிக்குள் மின்சாரம் வழங்கும் பாகமான எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றலாம் என்ற யோசனைகூட வந்தது. அதே யூபிஎஸ்ஸில் இணைந்திருந்த பக்கத்துக் கணினிகளின் ரிலையபிலிட்டி மானிட்டரைத் திறந்து பார்த்தபோது, அந்த நேரங்களில் அவற்றில் எந்தக் குறியும் இல்லை. ஆகவே மின்சாரம் காரணமன்று. ஈவென்ட் வியூவரில், முறையாக அணைக்கப்படாமல் கணினி மீண்டும் தொடங்கியதைக் குறிக்கும் கெர்னல்-பவர் 41 என்ற நிகழ்வின் உள்விவரத்தில் பவர் பட்டன் டைம்ஸ்டாம்ப் என்றொரு பதிவு உண்டு. பட்டன் அழுத்திப் பிடிக்கப்பட்டிருந்தால் அதன் மதிப்பு பூச்சியமாக இருக்காது. இங்கே அது பூச்சியமாக இல்லை. நேரங்களோ எல்லாம் மாலை ஐந்தே முக்காலை ஒட்டியே இருந்தன.

"மேடம், சாயங்காலம் ஷட்டவுன் ஆக ரொம்ப நேரம் எடுக்குதுங்களா?" என்று கேட்டதும் உடனே சொல்லிவிட்டார். அப்டேட் நடக்கிறது, அணைக்காதீர்கள் என்று திரையில் வந்து நின்றால் அவருடைய பல்லடம் பஸ் போய்விடும். அடுத்த பஸ்ஸுக்கு வெகுநேரம் நிற்க வேண்டும். பவர் பட்டனை அழுத்தி அணைப்பவர்கள் மீது நடவடிக்கை எடுக்கப்படும் என்று நிர்வாகம் ஒட்டியிருந்த சுற்றறிக்கை அவர் இருக்கைக்கு எதிரிலேயே இருந்தது. ஆகவே உண்மையைச் சொல்வதற்கு அவருக்கு எந்த வழியும் இல்லை. அந்தப் பிரிவில் அப்டேட்டுக்குப் பிந்தைய ரீஸ்டார்ட்டை உணவு இடைவேளைக்கு மாற்றினோம். சுற்றறிக்கையை எடுத்துவிட்டு, அவசரத்தில் அப்படி அணைக்க நேர்ந்தால் மறுநாள் காலையில் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டோம். இப்போது சொல்கிறார்கள்.

இவ்வளவு பாராட்டினாலும், இந்தக் கருவியில் நான் ஏற்காத பகுதியும் உண்டு. மேலே ஓடும் அந்தக் கோடு நிலைத்தன்மைக் குறியீடு எனப்படும். 1 முதல் 10 வரையிலான மதிப்பெண். அண்மைக் கோளாறுகளுக்குக் கூடுதல் எடை கொடுத்து இது கணக்கிடப்படுகிறது. கணினி அணைந்திருந்த நாள்கள் சேர்க்கப்படுவதில்லை. கேட்பதற்கு நன்றாக இருக்கும் இந்த எண், நடைமுறையில் தவறான முடிவுகளுக்கே இட்டுச் செல்கிறது. பயனர் கண்ணிலேயே படாத பின்னணிச் செயலி ஒன்று திரும்பத் திரும்ப முடங்கினால் மதிப்பெண் சரிந்துவிடும். மாதக் கடைசியில் டேட்டாவைச் சிதைக்கும் கோளாறு செயலி முடங்காமலே நிகழ்ந்தால் மதிப்பெண் பத்தில் நிற்கும். இந்த எண்ணை ஊழியரின் கணினிப் பழக்கத்துக்கான அளவுகோலாக மேலாளர்கள் கேட்கத் தொடங்குவது மிகப் பெரிய ஆபத்து. அப்படி ஓர் அறிக்கை போகிறது என்று ஒருமுறை தெரிந்துவிட்டால், அடுத்த டிக்கெட்டில் உண்மையை எதிர்பார்க்கவே முடியாது. கோட்டைப் பொருட்படுத்தாமல் குறிகளை மட்டும் பார்க்குமாறு எங்கள் குழுவில் புதிதாகச் சேருபவர்களிடம் சொல்கிறேன்.

எல்லைகளும் பல. இன்று அலுவலக வேலையில் பெரும்பகுதி பிரவுசருக்குள் நடக்கிறது. ஜிஎஸ்டி தளத்தில் விவரங்களை உள்ளிடும்போது பக்கம் உறைந்துபோனால் அதற்கு இங்கே சுவடு இருக்காது. நிறுவாமலே ஓடும் போர்ட்டபிள் மென்பொருள்கள் பெரும்பாலும் பதிவாவதில்லை. தவறான கோப்பை அழித்ததும், தவறான ஃபோல்டரில் சேமித்ததும் தெரியாது. பட்டியலில் தேடும் வசதி இல்லை, வடிகட்டும் வசதியும் இல்லை. விண்டோஸோடு வரும் வைரஸ் தடுப்பு மென்பொருளான டிஃபெண்டரின் அன்றாட அப்டேட்டுகளே நீல வட்டங்களாக வரிசையை நிரப்பிவிடுவதால், நாம் தேடும் நீல வட்டத்தைப் பொறுமையாகச் சொடுக்கிச் சொடுக்கித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இவற்றுள் மிகக் கவலைக்குரியது, சந்தேகத்துக்குரிய மின்னஞ்சல் இணைப்பைச் சொடுக்கிவிட்டுப் பயனர் சொல்லாமல் இருப்பது. அதை இந்தக் கருவியால் காட்டவே முடியாது. சைபர் பாதுகாப்பு நிகழ்வுகளைத் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும் என்று இந்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-இல் பிறப்பித்த உத்தரவு நிறுவனங்களுக்குப் பொருந்துகிறது. பயனர் வாய் திறந்தால்தான் நமக்கே தெரியவரும் என்னும்போது, அவர் தயங்கும் ஒவ்வொரு மணி நேரமும் வைரஸ் பக்கத்துக் கணினிகளுக்குப் பரவ வாய்ப்பளிக்கிறது. சிறிய கோளாறுகளைச் சொன்னபோது திட்டு வாங்காதவர்தான் இதையும் சொல்வார். ஆட்-இன் விஷயத்திலும் ஷட்டவுன் விஷயத்திலும் நாம் எப்படி நடந்துகொண்டோம் என்பது இங்கே வந்து நிற்கிறது.

இன்னொன்று: கணினியை ஃபார்மேட் செய்தால் இந்த வரலாறு முழுவதும் அழிந்துவிடும். எந்தக் கோளாறு என்றாலும் "ஃபார்மேட் போட்டுடலாம்" என்று தொடங்கும் வழக்கம் நம் ஊர் சர்வீஸ் கடைகளில் வேரூன்றியிருக்கிறது. அப்படிச் செய்தால் காரணம் தெரியாமலே போகும். அதே பயனர், அதே தேவைக்காக, அதே மென்பொருளை மறுபடியும் நிறுவுவார். ஃபார்மேட் தவிர வேறு வழியில்லை என்றாலும், சாளரத்தின் அடியில் உள்ள இணைப்பின் மூலம் வரலாற்றை எக்ஸ்எம்எல் கோப்பாகச் சேமித்துக்கொண்ட பிறகே அதைச் செய்ய வேண்டும்.

மாற்றுக் கருவிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பயனர் செய்வதைப் படிப்படியாகப் படமெடுத்துத் தொகுக்கும் ஸ்டெப்ஸ் ரெக்கார்டர் விண்டோஸ் 7 காலத்திலிருந்து இருந்துவருகிறது; ஆனால் இனி மேம்படுத்தப்படாது, பிற்காலப் பதிப்பு ஒன்றில் நீக்கப்படும் என்று மைக்ரோசாஃப்ட் 2023-இல் அறிவித்துவிட்டது, ஸ்னிப்பிங் டூலைப் பயன்படுத்தச் சொல்கிறது. எப்படியிருந்தாலும் அது நடக்கப்போவதைப் பதிவு செய்யும் கருவி. நடந்து முடிந்ததற்கு உதவாது, பயனரின் ஒத்துழைப்பும் வேண்டும். கணினிகளை இடைவிடாமல் கண்காணிக்கும் கட்டணச் சேவைகள் இதைவிடப் பன்மடங்கு விவரம் தரும். சில நூறு கணினிகள் உள்ள இடங்களுக்கு அவை தேவைப்படலாம். எங்களைப் போன்ற நடுத்தர அலுவலகத்துக்கு அந்தச் செலவு தேவையில்லை என்பதே என் முடிவு. விண்டோஸின் கட்டளை மொழியான பவர்ஷெல் தெரிந்தவர்கள், டபிள்யூஎம்ஐ என்ற விண்டோஸின் நிர்வாக இடைமுகம் வழியாக இதே பதிவுகளை இருந்த இடத்திலிருந்தே மற்றக் கணினிகளிலிருந்து எடுக்க முடியும். சர்வர் பதிப்புகளில் மட்டும் இந்தப் பதிவு இயல்பாகச் செயல்படாது. கணினி அமைப்புகளை மொத்தமாகக் கட்டுப்படுத்தும் குரூப் பாலிசியில் இயக்கிவிட வேண்டும்.

ரிமோட்டில் இப்படி எடுக்க முடிகிறது என்பதற்காகப் பயனருக்குத் தெரியாமல் எடுத்து வைத்துக்கொண்டு, பிறகு போனில் கூப்பிட்டு விசாரிப்பதை நான் ஆதரிக்கவில்லை. பயனரின் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு அமர்ந்து, அவருடைய திரையில், அவர் கண்ணெதிரில் திறக்கும்போதுதான் இந்தக் கருவி முழுப் பலன் தருகிறது. அவரே தேதியைப் பார்த்து, "ஆமாங்க, அன்னைக்கு ஆடிட்டர் ஆபீஸ்ல இருந்து ஒரு ஃபைல் வந்துச்சு, அதைத் திறக்க ஒண்ணு டவுன்லோட் பண்ணினேன்" என்று நினைவுகூர்கிறார். மறைக்கப்படுவதாக நாம் எண்ணுபவற்றில் ஒரு பகுதி உண்மையில் மறந்துபோனவை என்பதும் அப்போதுதான் தெரிகிறது. ஒரு வாரத்துக்கு முன் எந்தப் பொத்தானை அழுத்தினோம் என்பது யாருக்கும் நினைவிருக்காது. "நீங்க என்ன பண்ணீங்க?" என்று கேட்பதைவிட "இந்த நேரத்துல என்ன வேலை நடந்துச்சு?" என்று கேட்டால் பதில் நீளமாக வருகிறது.

பத்து முதல் நூறு கணினிகள் வரை பராமரிக்கும் ஐடி பணியாளர்கள், சர்வீஸ் கடை நடத்துபவர்கள், பள்ளிக் கணினி ஆய்வகத்தைக் கவனிக்கும் ஆசிரியர்கள் எல்லாரும், பயனரிடம் இரண்டாவது கேள்வி கேட்பதற்கு முன் திறந்து பார்க்க வேண்டிய கருவியாக இதைப் பரிந்துரைக்கிறேன். ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தருவேன். ஒரு மதிப்பெண்ணைக் குறைப்பது, தேடல் வசதி இல்லாததற்காகவும், தேதிக் கட்டத்தில் ஒரு குறிப்பு எழுதி வைக்க இடமில்லாததற்காகவும். அந்த இடம் இருந்தால், "இன்று பையருக்காக மாற்றி நிறுவினேன்" என்று பயனரே அன்றைக்கே தட்டி வைத்துவிடலாம். அதுவரை எக்ஸ்எம்எல் கோப்பை டிக்கெட்டோடு இணைத்து, பயனர் சொன்ன காரணத்தை அவர் சொன்ன சொற்களிலேயே அதற்குக் கீழே எழுதி வைத்து வருகிறோம்.